பாறையில் பாய் விரித்த செடிக்குப் பெயர் சொன்னவர்

பல வருடங்களாக நான் கவனித்து வரும் ஒரு சின்னப் பழக்கம் இது. சிலர் புதிதாக ஒன்றைப் பார்த்தால் அதன் கிட்டே போக மாட்டார்கள். நின்ற இடத்திலேயே கழுத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கண்ணைப் பாதி மூடி, ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேராகத் தூக்கி, "அது வந்து..." என்பார்கள். அந்த இழுப்பு முடிவதற்குள் பெயர் தயாராகிவிடும். அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

இந்த இனத்துக்கு நான் பெயர் சொல்லிகள் என்று பெயர் வைத்திருக்கிறேன். எல்லா ஊரிலும் உண்டு என்றாலும் அமெரிக்காவில் எங்கள் ஃப்ரீமான்ட் ஊரில் நன்றாகச் செழித்து வளர்கிறார்கள். காரணம் இருக்கிறது. இங்கே வந்தவர்களுக்கு மரம் புதுசு, மீன் புதுசு, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் தொங்கவிட்டிருக்கும் சாமான் புதுசு. புதுசு என்று வாய்விட்டுச் சொன்னால் நேற்றுதான் விமானத்தில் இறங்கியவர் என்று நினைத்துவிடுவார்களே! அதனால் முந்திக்கொண்டு பெயர் சொல்லிவிடுவது.

மவுரி அவென்யூ கடையில் நாம் ஏதோ ஒரு காயைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து குரல் வரும்: "அது வந்து... நம்ம பீர்க்கங்காய்தான். மெக்சிகன் பீர்க்கங்காய்." வாங்கி வந்து நறுக்கி, வேகவைத்து, வேகாமல், மறுபடி வேகவைத்து, கடைசியில் சாம்பாரோடு சேர்த்துக் கொட்டிவிட்டு அடுத்த வாரம் அவரிடம் சொன்னால் வருத்தப்படுவாரா? மாட்டார். "பீர்க்கங்காய்தான், வெரைட்டி வேற" என்பார். பெயர் சூட்டு விழாவில் தொட்டிலை எட்டிப் பார்த்து, "அப்படியே அப்பா ஜாடை" என்பார். அப்பா என்று அவர் கை காட்டிய ஆள், கேக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும் கீழ் வீட்டுக்காரராக இருப்பார். ஃப்ரீவேயில் வண்டிகள் நின்றால், "ஆக்ஸிடென்ட். ட்ரக்கு. லெஃப்ட் லேன்." நகர்ந்து நகர்ந்து அந்த இடத்துக்குப் போனால் அங்கே ஒரு காக்காய்கூட இருக்காது. "க்ளியர் பண்ணிட்டான். பயங்கர ஸ்பீடு இவனுங்க." தரை லேசாக அதிர்ந்தால் டிவிக்கு முன்னால் இவர் சொல்லிவிடுவார்: "மூணு புள்ளி ரெண்டு. ஹேவர்ட் பக்கம்." மாடி வீட்டில் வாஷிங் மெஷின் நின்றதும் பூகம்பமும் நிற்கும்.

இவர்களை மடக்க முடியாது. வெரைட்டி, ஃபேமிலி, நம்ம ஊர்ல சொல்ற பேர் வேற என்று மூன்று கொல்லைக் கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கும்.

எங்களுக்கு வாய்த்தவர் கோபாலசாமி. சிப் செய்யும் கம்பெனி ஒன்றில் என் கணவர் குத்புதீனோடு வேலை செய்கிறவர். பொள்ளாச்சிக்காரர். நல்ல மனிதர். யாருக்காவது வண்டி நடுவழியில் நின்றால் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். "ஆல்டர்னேட்டர்" என்று சொல்பவரும் அவர்தான். பெட்ரோல் தீர்ந்திருந்தாலும் அதுதான். அவருடைய மனைவி சாந்தாமணி. எனக்குச் சாந்தாக்கா.

சாந்தாக்காவுக்கு முழங்கால் வலி. வலது முட்டி. மாடிப்படி இறங்கும்போது உள்ளே எதுவோ மாட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும்; கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலை உதறி, பிறகுதான் அடுத்த படி. இதற்கும் கோபாலசாமி பெயர் சொல்லியிருந்தார். முதலில் வாயு, அக்கா உருளைக்கிழங்கை விட்டார். பிறகு கால்சியம்; பால் குடித்தார். பிறகு செருப்பு, ஷூ வாங்கினார். அதற்குப் பிறகு அபார்ட்மென்ட் கார்ப்பெட். வீட்டுக்குள்ளும் ஷூவோடு நடந்தார். வலியும் ஷூ போட்டுக்கொண்டு கூடவே நடந்தது.

"டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டலாங்க" என்று அக்கா கேட்டபோதெல்லாம் கோபாலசாமி ஆச்சரியப்பட்டார். "எதுக்கு? என்னன்னு தெரியாதவங்கதான் டாக்டர்கிட்ட போவாங்க. நமக்குத்தான் தெரிஞ்சாச்சே."

இப்படி மூன்று வருடம். ஆபீஸ் இன்சூரன்ஸ் ஒரு பக்கம் சும்மா கிடந்தது, முட்டி ஒரு பக்கம் வீங்கிக் கிடந்தது, நடுவில் அவர் சொன்ன பெயர்கள் சுவர் மாதிரி நின்றன.

இரண்டாயிரத்து ஆறு ஜூலையில் இரண்டு குடும்பமுமாக எங்கள் மினிவேனில் சியரா மலைக்குப் போனோம். சொனோரா கணவாயில் ஜூலையிலும் பனி கிடக்கும் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். குத்புதீன் ஓட்டினார். பக்கத்தில் கோபாலசாமி. நடு வரிசையில் சாந்தாக்காவும் என் மகள் ஆஃபீஃபாவும். நான் கடைசி வரிசையில், கூலர் பெட்டிக்கும் புளியோதரைத் தட்டுக்கும் நடுவில். எனக்குப் பிடித்த இடம் அது. பேச வேண்டியதில்லை, எல்லோருடைய பின்கழுத்தும் தெரியும்.

அன்று கோபாலசாமியின் கழுத்துக்கு ஓய்வே இல்லை. வழியில் வந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய்ப் போய் வந்தது. "அது வந்து... பாதாம் தோப்பு. அது வந்து... பருந்து." பருந்து திரும்பியபோது காக்காயாக இருந்தது. "பருந்துக் குஞ்சு."

"அங்கிள், தட்ஸ் எ க்ரோ" என்றாள் ஆஃபீஃபா.

"சின்ன வயசுல அப்படித்தாம்மா இருக்கும்."

மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, பிறகு நின்றே விட்டன. வெறும் பாறை, காற்று, நிழலில் அழுக்குப் பனி. இறங்கி ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தோம். சாந்தாக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு பெரிய பாறையின் வடக்குப் பக்கத்தில்தான் அது இருந்தது.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பெயர் தெரியாதவர்களுக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு. பாறையின் மேல் யாரோ சின்னப் பாய் விரித்து, ஓரத்தைப் பிளவுக்குள் செருகிவிட்டுப் போனது போல் இருந்தது. பாதி சாம்பல், பாதி பச்சை. குனிந்து பார்த்தால் பாய் முழுக்கச் சின்னச் சின்ன ஜடைகள். ஊசி முனையளவு இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கிப் பின்னிய ஜடை; இலை நுனியில் வெளிறிய ஒரு குட்டி முடி; சில ஜடைகளின் உச்சியில் நான்கு பட்டை வைத்த பொடிக் கதிர் ஒன்று நிமிர்ந்து நின்றது. இந்தக் குளிரில், மண்ணே இல்லாத இடத்தில், இவ்வளவு நேர்த்தியாக உனக்கு யார் தலை பின்னிவிட்டது என்று கேட்கத் தோன்றியது.

பின்னால் கழுத்து நகரும் சத்தம் கேட்காது. ஆனாலும் எனக்குத் தெரிந்தது.

"அது வந்து... எல்லாரும் நில்லுங்க! யாரும் மிதிக்காதீங்க!" கோபாலசாமியின் குரல் நடுங்கியது. "சஞ்சீவி!"

"என்னது?" என்றார் குத்புதீன்.

"சஞ்சீவிப்பா! மலைக்கோயில் அடிவாரத்துல கூடைல வெச்சு விப்பான்ல? காஞ்சு சுருண்டு கெடக்கும், தண்ணில போட்டா விரியும். அதேதான். இது கூல் க்ளைமேட் வெரைட்டி."

"அங்கிள், இட்ஸ் ஜஸ்ட் மாஸ்."

"பாசியெல்லாம் இல்லடா கண்ணு. இப்ப பாரு." அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சாம்பலாகக் கிடந்த ஓரத்தில் ஊற்றினார். நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் பச்சையாகத் தெரிந்தது. கோபாலசாமி இரண்டு கையையும் விரித்தார், அவரே விரிந்த மாதிரி. "எப்படி?"

"எவ்ரிதிங் லுக்ஸ் க்ரீனர் வென் இட்ஸ் வெட், அங்கிள்."

ஒன்பது வயதுப் பெண்ணின் பேச்சு அந்த உயரத்தில் எடுபடவில்லை. கோபாலசாமி அதற்குள் மனைவியின் முட்டியைப் பார்த்துவிட்டார். அந்தப் பார்வையில் உண்மையான அன்பு இருந்தது, பயங்கரமே அதில்தான். "சாந்தா! உன் வாயுவுக்கு இதை விட்டா வேற மருந்தே கெடையாது. கஷாயம் போட்டு ஒரே ஒரு டம்ளர். முடிஞ்சுது."

"வாயுவா? இப்பத்தான கார்ப்பெட்டுன்னீங்க?"

"கார்ப்பெட்டால வந்த வாயு."

பாயின் ஓரத்தில் உள்ளங்கையளவு பிய்த்து, முறுக்கு இருந்த ஜிப்லாக் பையைக் காலி செய்து, அதில் போட்டுக்கொண்டார். முறுக்கு என் கைக்கு வந்தது.

வண்டி நிறுத்திய இடத்தில் மரமேஜை ஒன்று இருந்தது. அதில் எங்கள் தட்டுகளைப் பரப்பினோம். காபிக்கு என்று ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த வெந்நீரைக் கோபாலசாமி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, பையிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் போட்டார். அது மிதந்தது. கொஞ்சம் மணல் அடியில் போயிற்று. முறுக்குத் தூள் மேலே வந்தது. ஒரு எறும்பு, தன் வாழ்க்கையில் இப்படி ஒரு திருப்பத்தை எதிர்பார்க்காத எறும்பு, ஜடையின் மேல் ஏறி நின்று நான்கு பக்கமும் பார்த்தது.

சாந்தாக்கா டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் எறும்பைப் பார்த்தேன்.

"என்ன வேடிக்கை? ஆறிடும், குடி" என்றார் கோபாலசாமி.

அப்போதுதான் மேஜையின் மேல் ஒரு தொப்பியின் நிழல் விழுந்தது. வனத்துறைச் சீருடை போட்ட ஒரு அம்மாள். சட்டையில் மார்ஜி என்று பெயர்ப் பட்டை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சின்ன பூதக்கண்ணாடி. சிரித்த முகத்தோடு என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்டவர், ஜிப்லாக் பையைப் பார்த்ததும் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். இங்கே செடி எதையும் பிய்க்கக் கூடாது என்றார்.

குத்புதீன் கோபாலசாமியின் காதுக்குள் சீறினார். "யோவ், க்ரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம்யா. ரெண்டு பேருக்கும் ஒரே லாயர். வாயத் தொறக்காத."

நல்ல வேளை, மார்ஜிக்கு எங்களைவிடச் செடிமேல் ஆர்வம். பையிலிருந்து அதை எடுத்து, கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி, செடியை மூக்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பினார். மறுபடி பார்த்தார். கதிரை விரல் நகத்தால் லேசாகத் தொட்டார். அவ்வளவு நேரம் அவர் பார்த்ததில் கோபாலசாமி நூறு செடிக்குப் பெயர் சொல்லியிருப்பார். கடைசியில் மார்ஜி நிமிர்ந்து, முகமெல்லாம் மலர்ந்து, "ஐ டோன்ட் நோ!" என்றார்.

தீபாவளிக்குத் துணி எடுத்தவர் மாதிரி சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொப்பி, சீருடை, கண்ணாடி, சர்க்கார் சம்பளம். இவ்வளவும் வைத்துக்கொண்டு ஒருவர் தெரியாது என்று சந்தோஷமாகச் சொல்வதை நான் அதுவரை பார்த்ததில்லை.

கோபாலசாமி தமிழில் எங்களிடம், "பாவம். ரெக்கமண்டேஷன்ல வேலைக்கு வந்திருக்கும்" என்றார்.

மார்ஜி சொன்னதை ஆஃபீஃபா தனக்கு வந்த தமிழில் எனக்குச் சொன்னாள். இது பாசி மாதிரி இருந்தாலும் பாசி இல்லை, வேர் இருக்கிறது, பெரணிக்குத் தூரத்துச் சொந்தம், ஸ்பைக்மாஸ் என்று சொல்வார்கள். அதுவரை நிச்சயம். ஆனால் அந்தக் குடும்பத்தில் எது என்பது இலை நுனி முடியையும் கதிரையும் சரியாகப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றைப் போல் ஒன்று இருக்கும். அதை இன்னொருவரிடம் காட்டித்தான் கேட்க வேண்டுமாம். இதன் பாலைவனச் சொந்தக்காரர் ஒருவர் காய்ந்தால் பந்து மாதிரி சுருண்டு, தண்ணீரில் விரிவாராம். கடையில்கூட விற்பார்களாம்.

"பாத்தியா!" கோபாலசாமி மேஜையில் அடித்தார். டம்ளர் குலுங்கியது, எறும்பு உட்கார்ந்துவிட்டது. "நான் சொன்னேன்ல! சஞ்சீவி ஃபேமிலி!"

மார்ஜி டம்ளரைக் காட்டி, இதை யாரும் குடிக்கப் போவதில்லையே என்று கேட்டார். குத்புதீன் அவசரமாக, "நோ நோ, டெகரேஷன்" என்றார். மார்ஜி எங்கள் எல்லோரையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்து, இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன் என்று சொல்லி, பையை வாங்கிக்கொண்டு, செடி இருந்த இடத்தை ஆஃபீஃபா காட்டக் கேட்டுக்கொண்டு, பெயர் தெரிந்தால் எழுதுவதற்குக் குத்புதீனின் ஈமெயில் விலாசத்தையும் குறித்துக்கொண்டு போனார்.

டம்ளர் மட்டும் மேஜையில் இருந்தது.

"இப்பக் குடி. அந்தம்மாவே சொல்லிட்டாங்க, அதே ஃபேமிலின்னு" என்றார் கோபாலசாமி.

சாந்தாக்கா டம்ளரை எடுத்தார். குடித்தே விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அக்கா அதை மேஜையில் நகர்த்தி, கணவர் முன்னால் வைத்தார்.

"உங்க ஃபேமிலிலதான் உங்க தம்பியும் இருக்காரு. அவர நம்பி கார் சாவி குடுப்பீங்களா?"

குத்புதீன் தயிர்சாதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"இப்ப எதுக்கு அவன இழுக்கற?"

"இல்ல, கேக்கறேன். இது சஞ்சீவிதானுங்களே?"

"ஆமா."

"சத்தியமா தெரியும்?"

"தெரியும்னுதான சொல்றேன்."

"அப்ப நீங்க ஒரு வாய் குடிங்க. நல்லா இருக்கறவங்க குடிச்சா இன்னும் நல்லா இருப்பாங்க. அப்புறம் மிச்சத்த நான் குடிக்கறேன்."

கோபாலசாமி டம்ளரைத் தூக்கினார். உதடு வரைக்கும் போயிற்று. எறும்பும் அவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு நடந்ததை நான் பின்கழுத்தில் அல்ல, முகத்திலேயே பார்த்தேன். அந்தக் கொல்லைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "இது... அமெரிக்கன் வெரைட்டி. கொஞ்சம் டோஸ் கூட இருக்கும்" என்றார். அக்கா தன் தட்டில் புளியோதரை வைத்துக்கொண்டார். "அமாவாசைல பறிச்சிருக்கணும்." அக்கா மிளகாய் டப்பாவைத் திறந்தார். "எவர்சில்வர்ல போட்டிருக்கக் கூடாது." அக்கா ஒரு மோர்மிளகாயைக் கடித்தார். கரக் என்றது.

டம்ளர் கீழே வந்தது.

"சரியாத் தெரியல" என்றார் கோபாலசாமி.

குத்புதீன் தலையைத் தூக்கினார். ஆஃபீஃபா, "வாவ்" என்றாள்.

"காது அடைச்சிருக்குங்க, மலை மேல இருக்கோமில்ல? இன்னொருக்கா சொல்லுங்க."

"தெரியலடி. என்ன செடின்னு எனக்குத் தெரியல. போதுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு மேஜை குலுங்கியது, என்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன், புளியோதரைத் தட்டு சரிந்தது, குத்புதீனுக்குப் புரையேறியது. என்ன அதிசயம் என்றால், கோபாலசாமியும் சிரித்தார். ரொம்ப நாளாக இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

சிரிப்பு அடங்கும்போது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப என் முட்டிக்கு என்னங்க?"

அவர் கழுத்து பின்னுக்குப் போகத் தொடங்கியது. பாதியில் நின்றது.

"அதுவும்... தெரியல, சாந்தா."

மலையில் போன் எடுக்கவில்லை. கீழே இறங்கிச் சிக்னல் வந்த முதல் இடத்திலேயே வண்டியை ஓரம் நிறுத்தச் சொல்லி, சனிக்கிழமை என்றும் பாராமல், டாக்டர் ஆபீஸில் அக்கா மெசேஜ் விட்டார். வீடு போய்ச் சேர்வதற்குள் கணவருக்கு ஒரு பெயர் தோன்றிவிடும் என்ற பயம்தான்.

டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுக்காமல் சொல்ல முடியாது என்றாராம். எடுத்தார்கள். உள்ளே குருத்தெலும்பு கிழிந்து, கிழிந்த துண்டு மடிந்து மாட்டிக்கொண்டிருந்தது. வாயுவும் இல்லை, கார்ப்பெட்டும் இல்லை. காலையில் போய் ஆபரேஷன் செய்துகொண்டு அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். மார்ஜியும் செப்டம்பரில் எழுதினார்: அது வாட்சன் ஸ்பைக்மாஸாக இருக்கலாம், ஆனால் இன்னொரு முறை மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான் உறுதி சொல்வேன். பார்த்துக்கொண்டே இருக்கிறார் அந்த அம்மாள்!

சரி, இவ்வளவு தூரம் படித்தீர்கள். படிக்கும்போது, "அட, இது நம்ம இன்னார்தான்" என்று ஒருவருடைய பெயர் உங்கள் வாயில் வந்திருக்குமே? ஒரு பக்கம் தாண்டுவதற்குள் வந்திருக்கும். கோபாலசாமியை நீங்கள் பார்த்ததுகூட இல்லை. அதற்குள் அவர் யார் என்று முடிவு செய்துவிட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது எதையாவது டம்ளரில் போட்டு உங்கள் முன்னால் நகர்த்தும் வரைக்கும் கவலைப்பட வேண்டியதில்லை.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. சாந்தாக்கா தினமும் காலையில் லேக் எலிசபெத்தைச் சுற்றி நடக்கிறார், நான் கூடப் போகிறேன். கோபாலசாமிக்கு ஒரு மாதமாக இடது தோளில் வலி. புதன்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறார்.